இடது காலின் இரண்டாம் விரல்

வலிக்கட்டும், வலிக்கட்டும் என்று தன் பெண்டாட்டிக்காக ஒருவன் வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது இந்தக் குடிசையில்தான் நடக்கும். வடிவின் இடது கால் என் வயிற்றின் மேல் இருக்கிறது. வாடகைக்குக் கொடுத்த தடித்த அங்கி, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் இரண்டு சட்டை, ஒரு கம்பளிப் பனியன், எல்லாவற்றையும் விலக்கி, தொப்புளுக்குப் பக்கத்தில் வெறும் தோலோடு அவள் பாதத்தை அணைத்துப் பிடித்திருக்கிறேன். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பால் பாக்கெட்டை வைத்த மாதிரி இருந்தது. முதலில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இப்போது அவ்வளவு இல்லை. கால் சூடாகியிருக்கிறதா, இல்லை என் வயிறு குளிர்ந்துவிட்டதா, அது தெரியவில்லை. ஆஸ்லாக் தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். எங்களைக் கூட்டிவந்த வழிகாட்டி அவர், கலைமான் வளர்க்கிற குடும்பம், தாடி வைத்த பெரிய மனிதர், மெதுவான இங்கிலீஷ். தேய்க்கக் கூடாது. அடுப்பில் காட்டக் கூடாது. உடம்புச் சூடு மட்டும்தான். அரை மணி நேரம் பார்ப்போம், வலி வந்தால் விரல் பிழைத்தது, வராவிட்டால் ஆஸ்பத்திரி, நூற்றிருபது கிலோமீட்டர். வண்டியைச் சூடாக்க வெளியே போயிருக்கிறார். சுவரில் கடிகாரம் இரண்டு மணி காட்டுகிறது. இரண்டரைக்குள் வலிக்க வேண்டும். பெஞ்சின் அந்தக் கோடியில் சுவரில் சாய்ந்து அவள், இந்தக் கோடியில் நான், நடுவில் நீட்டிய கால். அவளுடைய வலது கால் என் மங்கி குல்லாவுக்குள் இருக்கிறது. அந்தக் காலுக்கு ஒன்றுமில்லை, கழற்றிய கொஞ்ச நேரத்திலேயே சிவந்துவிட்டது. இடது காலில்தான், அதிலும் கட்டை விரலுக்கு அடுத்த விரல் ஒன்றுதான்.

பகல் இரண்டு மணி என்றால் கோவில்பட்டியில் ஒருவரும் நம்ப மாட்டார்கள். சன்னலுக்கு வெளியே நீல வெளிச்சம், அதுவும் இப்போது மங்கிக்கொண்டு வருகிறது. சூரியன் இந்தப் பக்கம் தலைகாட்டி ஐந்து வாரம் ஆகிறதாம். மைனஸ் முப்பத்தேழு. மூக்குக்குள் இருக்கிற முடி ஒவ்வொன்றும் தனித்தனியாக விறைத்துக்கொள்வதை இன்று காலையில்தான் தெரிந்துகொண்டேன். கயத்தாறு சப்ஸ்டேஷனில் முப்பத்தோரு வருஷம் வெந்தவன் நான், எனக்கு எதற்கு பின்லாந்தின் வடகோடி. எல்லாம் டீச்சருக்காக. டீச்சர் என்றுதான் அவளைக் கிண்டலாகக் கூப்பிடுவேன், உண்மையிலேயே டீச்சர்தான், பெண்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தெட்டு வருஷம் புவியியல். தூந்திரப் பிரதேசம் பாடம் எப்போதும் கோடையை ஒட்டித்தான் வருமாம். ஃபேன் ஓடாத வகுப்பில், கழுத்தில் வியர்வை ஓட ஓட, உறைந்த மண், கலைமான், பனிக்கடியில் முளைக்கிற லிச்சன் என்று சொல்லிக்கொடுப்பாள். வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது எழுந்து நின்று, டீச்சர் நீங்க பாத்திருக்கியளா என்று கேட்டுவிடும். இல்லை என்று சொல்லிவிட்டு வருவாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லிச் சிரிப்பாள், இந்த வருசமும் ஒருத்தி கேட்டுட்டா. ஹெல்சிங்கியில் வேலை பார்க்கிற எங்கள் மகள் லோசனி, அம்மா ரிட்டயர் ஆனதும் முதல் காரியமாக இதற்குத்தான் பதிவு செய்தாள். லீவு கிடைக்காமல் எங்களை மட்டும் அனுப்பி வைத்தாள். இன்னும் அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் என்னைத்தான் கேட்பாள், நீங்க பக்கத்துல தானப்பா இருந்திய. ஆமாம் பக்கத்தில்தான் இருந்தேன். கலைமான் பட்டியில் வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றபோது ஒரு அடி தள்ளி, கால் மாற்றி கால் மாற்றிக் குதித்துக்கொண்டு இருந்தேன். ஒரு கலைமான் குளம்பால் பனியைத் தோண்டி அடியில் இருந்த லிச்சனைத் தின்றது. அதைப் பார்த்து இவள் அப்படியே நின்றுவிட்டாள். "பாத்தியளா, பாத்தியளா, குளம்பால தோண்டுது பாத்தியளா" என்று என் கையைப் பிடித்து உலுக்கினாள். லிச்சன் என்பது பாசியும் காளானும் சேர்ந்து நடத்துகிற குடும்பம், ஒன்றுக்கு வீடு இருக்கும் சோறு இருக்காது, இன்னொன்றுக்குச் சோறு இருக்கும் வீடு இருக்காது என்று வகுப்பில் சொல்லுவாளாம். எனக்கும் சொன்னாள். போகலாமா என்று மூன்று தடவை கேட்டேன். இன்னும் அஞ்சு நிமிசம் என்று மூன்று தடவை சொன்னாள். ஐம்பது நிமிஷம் ஆகியிருக்கும். காலில் உணர்ச்சி போய்விட்டது என்று மட்டும் சொல்லவில்லை.

அவள் சொல்ல மாட்டாள். கண்டுபிடித்தது நானும் இல்லை, ஆஸ்லாக். குடிசைக்குள் அவள் காலை வைத்த விதத்தைப் பார்த்துவிட்டு, கீழே மரக்கட்டை மாதிரி வைக்கிறார்களே, காலில் உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். "ஒண்ணும் செய்யல" என்றாள். அவர் கேட்கவில்லை, மண்டியிட்டு பூட்ஸைக் கழற்றினார், மூன்று சாக்ஸையும் கழற்றினார். விரல் மெழுகுவத்தி நிறத்தில் இருந்தது. அதில் மெட்டி. காலையில் உடை கொடுக்கிற அறையில் அவர் எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னார், மோதிரம், கம்மல், செயின், வாட்ச், தோலில் படுகிற உலோகம் எதுவும் வேண்டாம், குளிரை அது நேராக உள்ளே கொண்டுபோகும். வடிவு கம்மலையும் மூக்குத்தியையும் வளையலையும் அங்கேயே கழற்றிக் கொடுத்தாள். தாலியை முந்தின ராத்திரியே செயினிலிருந்து எடுத்து மஞ்சள் கயிற்றில் கோத்து, தோலில் படாமல் பனியனுக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவு உஷார். காலில் மோதிரம் போடுகிறவர்கள் உண்டு என்று அந்த மனிதருக்கு எப்படித் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, இது என்ன என்பது போல. வீங்குவதற்கு முன்னால் எடுத்துவிட வேண்டும் என்று கை வைக்கப் போனார். வடிவு காலை இழுத்துக்கொண்டாள். "அவரு வேண்டாம். நீங்க கழட்டுங்க" என்றாள், என்னைப் பார்க்காமல். சோப்புத் தண்ணீர் விட்டு, திருகித் திருகி, நான்தான் கழற்றினேன். வலது கால் மெட்டி சுலபமாக வந்தது. இடது, மூட்டில் நின்றுகொண்டு வர மாட்டேன் என்றது. போட்டபோதும் இப்படித்தான் மூட்டில் நின்றது. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், ஆனி மாசம், பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவ, குனிந்து அவள் காலைத் தூக்கி அம்மி மேல் வைத்து, கூட்டத்தில் ஆளாளுக்கு அழுத்து மாப்பிள்ளை அழுத்து என்று சொல்ல, அழுத்தினேன். மறுநாள்தான் பார்த்தேன், தோல் உரிந்திருந்தது. ஏன் சொல்லவில்லை என்றதற்கு, எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாகளே என்றாள். அதற்குப் பிறகு அந்தக் காலை நான் கையில் எடுத்ததே இல்லை. கால் பிடித்துவிடுவதெல்லாம் எப்போதும் அவள் எனக்கு. நான் நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வந்த பிறகு ஆறு மாசம் தினமும் பிடித்துவிட்டாள். ஒரு பொம்பளைக்கு மெட்டியைக் கழற்றுகிற நாள் எது என்று எல்லோருக்கும் தெரியும். நான் இங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கும்போதே என் கையாலேயே கழற்ற வேண்டியதாகிவிட்டது. கழன்று வந்த சமயத்தில் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த கலைமான் கொம்பை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிஷம் போய்விட்டது. ஐந்தா, ஏழா. நினைக்கக் கூடாது என்று நினைக்கிறதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. காலையில் ஹோட்டல் அறை. கட்டிலில் உட்கார்ந்து அவள் முதல் சாக்ஸை மாட்டுகிறாள். நான் எதிரே நின்று பல் குத்திக்கொண்டு இருக்கிறேன். மெட்டி என் கண்ணில் பட்டது. நன்றாகப் பட்டது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்புறம் உடை கொடுக்கிற அறையில் உலோகம் வேண்டாம் என்று ஆஸ்லாக் சொன்னபோதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த மெட்டிதான். வாயைத் திறக்கவில்லை. யார் திறக்கவில்லை என்றால், மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்த இந்தக் கோமதிநாயகம் திறக்கவில்லை. லைன் க்ளியர் வாங்காமல், அதாவது கம்பியில் கரன்ட் நிறுத்தியாயிற்று என்று கையெழுத்து ஆகாமல், ஒருத்தனையும் கம்பத்தில் ஏற விடாதவன். ஏறுகிறவன் கையில் மோதிரம் கிடக்கிறதா, வாட்ச் கிடக்கிறதா என்று நானே பார்ப்பேன். மாடசாமி என்று ஒரு லைன்மேன், இடுப்பில் வெள்ளி அரைஞாண் கொடி, ஐயா இது சாமிக்கு நேர்ந்து போட்டது என்று கெஞ்சினான். சாமி கரன்டை நிப்பாட்டுமாடா, கழட்டு என்று கழற்ற வைத்துத்தான் ஏற்றினேன். ராகு காலத்தில் பால் காய்ச்சி வீடு குடிபோனவன். சகுனம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவன். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு சின்ன வெள்ளி வளையத்தைக் கழட்டு என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஏன் எழவில்லை என்று எனக்குத் தெரியும். ஸ்டென்ட் வைக்க என்னை ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனபோது, சக்கரப் படுக்கையில் மல்லாந்து கிடந்து நான் கடைசியாகப் பார்த்தது தாழ்வாரத்தில் நின்ற அவளைத்தான். திரும்பி வருவேனா என்று அன்றைக்குத் தெரியாது. அன்று முதல் எனக்குள்ளே ஒரு பயம், வெளியே சொல்ல வெட்கமான பயம், குடியிருக்கிறது. மெட்டியைக் கழற்றினால் நான் போய்விடுவேன் என்று நம்புகிறாயா என்று யாராவது கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் கழற்றச் சொல்லவில்லையே. என் உயிருக்குப் பயந்து அவள் விரலை அடகு வைத்திருக்கிறேன், அதுதான் விஷயம்.

"என்ன யோசிக்கிய" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். "உங்க வயிறு என்னமா கொதிக்கு. அடுப்பே வேண்டாம் போல" என்று சிரித்தாள். இந்தத் தொப்பையைக் குறைக்கச் சொல்லி நீ என்ன பாடு படுத்தினாய், இன்றைக்கு உதவுகிறது பார் என்றேன். சிரித்தாள். சிரிக்கிற முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், இந்த முகத்தில் எதையும் படிக்க முடியாது. ஸ்கூட்டரில் இருந்து இரண்டு பேரும் விழுந்தபோது, ரோட்டில் கிடந்தபடியே என் மூக்குக் கண்ணாடியைத்தான் தேடினாள், இரண்டு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தால் அவள் முழங்கையில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது. அந்த இரண்டு நாளும் அந்தக் கையால் பரிட்சைப் பேப்பர் திருத்தியிருக்கிறாள். லோசனி பிறந்தபோது நர்ஸ் வெளியே வந்து, உங்க வீட்டுல சத்தமே போட மாட்டேங்காங்க, எங்களுக்கு ஒண்ணும் புரியல என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டாள். நானும் இத்தனை வருஷமும் அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன், என் பெண்டாட்டிக்கு வலியே தெரியாது என்று. வலி தெரியாத பெண்டாட்டி. இன்றைக்குப் பார், அந்தப் பெருமையைத் தூக்கி அடுப்பில் போட வேண்டும் போல இருக்கிறது. கரன்டில் வேலை பார்த்த எனக்கு இது கூடத் தெரியாதா. ஷாக் அடித்துக் கத்துகிறவனைப் பற்றிப் பயமில்லை, பேசாமல் கிடக்கிறவனைப் பார்த்தால்தான் பயம். மணி இரண்டே கால். "ஏளா வடிவு, ஏதாவது செய்யுதா" என்றேன். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "ம். வலிக்கு" என்றாள். மளிகைக் கடையில் பருப்பு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். எனக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துதான் போயிற்று. அப்புறம் சந்தேகம் வந்தது. வலி வந்தால் நல்லது என்று ஆஸ்லாக் சொன்னதை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள்.

டெஸ்டர் இல்லாமல் எந்தக் கம்பியையும் நம்பக் கூடாது. அங்கிக்குள் என் கை என்ன செய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. "இப்ப எந்த விரலைத் தொடுதேன், சொல்லு" என்றேன். கட்டை விரல் என்றாள், சரி. இப்போது? சுண்டு விரல், அதுவும் சரி. "இப்ப?" என்றேன். கொஞ்சம் யோசித்தாள், என் கண்ணைப் பார்த்தாள். "ரெண்டாவது. நல்லாத் தெரியுது. வலிக்கு" என்றாள். நான் கையை எடுத்து என் முழங்காலில் வைத்திருந்தேன். எதையும் தொடவில்லை. அவள் என் கை முழங்காலில் இருப்பதைப் பார்த்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டின பிள்ளை மாதிரி பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்தது. என்னிடமே பொய்யா, விரல் போகிற நேரத்திலும் என்னைச் சமாதானப்படுத்தவா என்று கத்த வாய் திறந்தேன், திறந்த வாயில் வேறு வந்துவிட்டது. "காலையில நீ சாக்ஸ் போடும்போது மெட்டியப் பாத்துட்டேன் வடிவு. பாத்துட்டுத்தான் சொல்லல." அவள், "தெரியும்" என்றாள். "நீங்க பாத்திய, நான் பாத்தேன். சொல்லுவியளான்னு பாத்தேன். சொல்லியிருந்தா கழட்டியிருப்பேன். நீங்கதான் இதெல்லாம் நம்பாதவுகளாச்சே. நீங்களே கழட்டச் சொல்லாம திரும்பிக்கிட்டியன்னா, உள்ளுக்குள்ள எவ்வளவு பயந்திருப்பியன்னு நினைச்சேன். அதான் போட்டுக்கிட்டே வந்துட்டேன்." அப்புறம், "பெரிய பகுத்தறிவு" என்றாள். அவள் என்னைத் திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், கேலி செய்தது தாங்க முடியாமல் இருந்தது. எனக்காகத்தான் கிடந்தது அந்த வளையம், எனக்காகத்தான் அந்தப் பொய்யும். இவ்வளவு பிரியத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் என்ன செய்வது. காலை மறுபடி இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். விரல் விரலாக எண்ணினேன், இரண்டாவதில் நின்றேன், அடுத்து எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். ஒரு விரல் இல்லாமல் போனால் என்ன, ஒரு விரல்தானே, நடக்கலாம், ஓடவா போகிறாள். இல்லை, போகக் கூடாது. அவள் ஆசைப்பட்டுக் கேட்டது இந்த ஒன்றுதான், பனியைப் பார்க்க வேண்டும் என்று, அதற்கு விரலையா கொடுத்துவிட்டு வருவது. எந்தச் சாமியிடம் கேட்பது என்றும் தெரியவில்லை, ஒருத்தரோடும் எனக்குப் பழக்கம் இல்லை. வலிக்கட்டும், யாராக இருந்தாலும் சரி, இவளுக்கு வலிக்கட்டும்.

கதவு திறந்தது, புகை மாதிரி குளிர் உள்ளே வந்தது, கூடவே ஆஸ்லாக். தாடியெல்லாம் வெள்ளை. கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் தலையை இடமும் வலமும் ஆட்டினேன். வண்டி தயார், கிளம்பிவிடலாம், பாதை நன்றாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கம்பளியை எடுத்து அவள் தோளில் போர்த்தினார். இரண்டு நிமிஷம் என்று நான் இரண்டு கைவிரலைக் காட்டினேன். அவர் அவளுடைய பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். அந்த இரண்டு நிமிஷத்தில் என்ன நடந்துவிடப் போகிறது என்று எனக்கே தெரியவில்லை. அங்கியின் ஜிப்பைத் தளர்த்தினேன். காலை வெளியே எடுக்க வேண்டும். எடுக்க மனசு வரவில்லை. பாதத்தில் ஒரு துடிப்பு ஓடின மாதிரி இருந்தது, என் வயிற்றுத் துடிப்பாக இருக்கும் என்று நினைத்தேன். மறுபடி ஓடியது. வடிவின் முகத்தைப் பார்த்தேன். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை, உதடு ஒரு பக்கம் போக, புருவம் ஒரு பக்கம் போக, யாருடைய முகமோ மாதிரி. ஒரு உதை விட்டாள். நேராக வயிற்றில். பெஞ்சிலிருந்து சரியப் போனேன்.

"விடுங்க, கைய எடுங்க, தொடாதிய, எம்மா, எம்மா" என்று கத்தினாள். அந்தச் சின்னக் குடிசை முழுக்க அவள் சத்தம். "ஊசி ஊசியாக் குத்துது. வலிக்குங்க. முடியல, ரொம்ப வலிக்கு." இரண்டு கையாலும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடினாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கூட இல்லை, அன்னிய மனிதர் ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பே இல்லை. ஆஸ்லாக் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார். விரலின் அடியில் சிவப்பு ஏறியிருந்தது, கண் எதிரிலேயே நுனிக்குப் பரவிக்கொண்டிருந்தது. நல்லது, மிக நல்லது என்றார். இன்னும் ஒரு மணி நேரம் இப்படித்தான் வலிக்கும், கொப்புளம் வரலாம், போகிற வழியில் நர்ஸிடம் காட்டிவிடுவோம், விரலுக்கு ஆபத்தில்லை என்றார். நான் தலையாட்டினேன். சிரிக்கத்தான் நினைத்தேன். சத்தம் வேறு மாதிரி வந்துவிட்டது. வடிவு அழுகையோடு அழுகையாக நிமிர்ந்தாள். "உங்களுக்கு என்ன, நீங்க எதுக்கு அழுதிய" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லப் போனேன், எப்போதும் அதைத்தான் சொல்லுவேன். "பயந்துட்டேன் வடிவு" என்றேன். "ரொம்பப் பயந்துட்டேன்." அவள் என்னையே பார்த்தாள். மறுபடி வலி வந்தது போல, பல்லைக் கடித்துக்கொண்டு, கடித்ததை விட்டுவிட்டு, சத்தமாகவே அழுதாள். அழுதுகொண்டே கையால் தடவி என் அங்கியின் விளிம்பைத் தூக்கி, சிவந்த காலைத் தானே உள்ளே நுழைத்தாள். வயிற்றில் வந்து பட்டது. இந்தத் தடவை இளஞ்சூடாக இருந்தது.

"விட்டுராதிய" என்றாள்.